நோயாளியின் பத்தியமும் ஒரு வணக்கமே

அல்லாஹு தஆலா நமக்கு அளித்திருக்கும் நிஃமத்துகளில் பல, அவை கையை விட்டுப் போகும் வரை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் உறங்கும்போதும் தொழும்போதும் தொழில் செய்யும்போதும் நம் இரு சிறுநீரகங்கள் இரத்தத்தைச் சலித்துக் கழிவை வெளியேற்றிய வண்ணம் இருக்கின்றன. வாரத்தின் 168 மணி நேரமும் அவற்றுக்கு ஓய்வில்லை. சர்க்கரை நோயாலோ இரத்தக் கொதிப்பாலோ வேறு காரணத்தாலோ அவை செயலிழந்து விட்டால், டயாலிஸிஸ் கருவி அவ்வேலையை ஏற்றுக் கொள்கிறது. ஆனால் எவ்வளவு நேரம்? வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். ஆக 12 மணி நேரம்தான்! எஞ்சிய 156 மணி நேரமும் அந்த நோயாளியின் உயிருக்குக் காவல், அவர் வாய்க்குள் போகும் உணவும் நீருமே.

நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று இந்நோயாளிகள் இல்லாத ஊரைக் காண்பது அரிது. கோட்டைப்பட்டினம், மீமிசல், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, சிகிச்சை முடிந்து சோர்ந்து திரும்புகிறார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிஸிஸுக்கு இடமுண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிஸிஸ் செய்து கொள்வோருக்குரிய திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் ஆஸ்பத்திரியில் கிடைத்த பலன் வீட்டு அடுப்படியில் வீணாகி விடுமானால் என்ன பயன்? இதைத்தான் நாம் இங்கே சிந்திக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய பத்தியம்

அன்ஸாரிப் பெண்மணியான உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு ஒரு நாள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் வருகை தந்தார்கள். உடன் வந்த அலீ (ரலி) அவர்கள் அப்பொழுதுதான் நோயிலிருந்து எழுந்திருந்தார்கள். வீட்டில் பேரீத்தங்குலைகள் தொங்க விடப்பட்டிருந்தன. பெருமானார் (ஸல்) அவர்கள் அதிலிருந்து உண்ணத் தொடங்க, அலீ (ரலி) அவர்களும் உண்ண முற்பட்டார்கள். உடனே அண்ணலார், நீர் இப்போதுதான் நோயிலிருந்து எழுந்தவர் என்று கூறி அவர்களைத் தடுத்தார்கள். பிறகு உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் வாற்கோதுமையையும் ஒரு வகைக் கீரையையும் சமைத்து வைத்தபோது, இதிலிருந்து உண்ணும், இது உமக்கு ஏற்றது என்னும் கருத்துப்பட அலீ (ரலி) அவர்களிடம் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

சகோதரர்களே! விலக்கப்பட்டது எது? பரக்கத்து நிறைந்த பேரீத்தம்பழம். விலக்கியவர்கள் யார்? அப்பழத்தை விரும்பி உண்ட நபி (ஸல்) அவர்களே. பழம் நல்லது என்பதால் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் நல்லதாகி விடாது. அதே வேளையில், தடுத்ததோடு அண்ணலார் நின்று விடவில்லை. ஏற்ற உணவை உண்ணும்படி ஏவவும் செய்தார்கள். தடுப்பது பாதி, கொடுப்பது பாதி. இவ்விரண்டும் சேர்ந்ததே ஸுன்னத்தான பத்தியம். டயாலிஸிஸ் நோயாளிகள் உள்ள நம் வீடுகளில் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று தவறிப் போகிறது.

தடுக்க வேண்டியவை

முதலாவது பொட்டாசியம் என்னும் சத்து. நமக்கு அது நன்மை. சிறுநீரகம் நின்றவருக்கோ, அது இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பு நிலைகுலைந்து திடீரென நின்று விடவும் கூடும். 100 கிராம் பேரீத்தம்பழத்தில் ஏறத்தாழ 650 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. இளநீரிலும் வாழைப்பழத்திலும் மிகுதி. நம் ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாச்சுளையும் அவ்வாறே. சோர்ந்து படுத்திருப்பவருக்கு அன்போடு இளநீர் வெட்டிக் கொடுக்கிறோம். அந்த அன்பே அவருக்கு ஆபத்தாகி விடலாம். கீரையும் கிழங்கும் சமைப்பதானால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்நீரை வடித்து விட வேண்டும். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பில் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுவதால் அதை வாங்கவே கூடாது.

இரண்டாவது உப்பும் நீரும். உப்பு தாகத்தை உண்டாக்கும். தாகம் நீரைக் குடிக்க வைக்கும். வெளியேற வழியற்ற அந்நீர் காலில் வீங்கி, நுரையீரலில் கோத்து மூச்சை முட்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையாக நிற்கும். சிறுநீர் அறவே நின்றவருக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையே டாக்டர்கள் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். நோன்புக் கஞ்சியும் தேநீரும் ஆனமும் இக்கணக்கில் சேர்ந்தவையே. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இவர்களுக்கு ஆகா.

ரமளானில்

இவ்விடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இத்தனை வருஷம் விடாத நோன்பை எப்படி விடுவது என்று முதியவர் கண்ணீர் விடுகிறார். பிள்ளைகளும் மனமிளகி விட்டு விடுகிறார்கள். பகலெல்லாம் வறண்ட தாகத்தோடு இஃப்தாரில் பேரீத்தம்பழம், கஞ்சி, சர்பத் என்று ஒரே நேரத்தில் உள்ளே போகிறது. விளைவு நள்ளிரவில் தெரிகிறது.

நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான். அல்பகரா ஸூராவின் 184, 185 ஆயத்துகள் இதனைத் தெளிவாக்குகின்றன. உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் நிலையில் நோன்பை விடுவது வெறும் அனுமதி அல்ல, கடமை என்று நம் இமாம்கள் கூறியுள்ளார்கள். அதற்கு விவரமறிந்த நம்பகமான மருத்துவரின் சொல் ஆதாரமாகும். டயாலிஸிஸால் நோன்பு முறியுமா என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உடல் தாங்காது என்று டாக்டர் சொல்லி விட்ட பிறகு அந்த விவாதத்திற்கே அவசியமில்லை.

குணமாகும் நம்பிக்கையற்றவர் ஒவ்வொரு நோன்புக்கும் பித்யா கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஒரு முத்து தானியம். ஹனஃபீ மத்ஹபில் ஒருவருக்குரிய ஃபித்ராவின் அளவு. பின்னர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு நோன்பு நோற்கும் சக்தி திரும்புமானால், ஹனஃபீகள் விட்டவற்றைக் களாச் செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொல்லின்படி, கொடுத்த பித்யாவே போதுமானது.

பெருநாள் வருகிறது, டயாலிஸிஸை இரண்டு நாள் தள்ளிப் போடலாம் என்பதும் பெரும் பிழை. முறைகளுக்கிடையே இரண்டு நாள் இடைவெளி விழும் வேளையில்தான் மரணங்கள் அதிகரிக்கின்றன என்பதை 2011-ல் அமெரிக்காவில் 32,000 நோயாளிகளுக்கு மேல் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

கொடுக்க வேண்டியவை

இனி மறு பாதி. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய காலத்தில் மீன், முட்டை, இறைச்சியைக் குறைக்குமாறு டாக்டர் சொல்லியிருப்பார். டயாலிஸிஸ் தொடங்கியதும் அந்த விதி மாறி விடுகிறது. ஒவ்வொரு முறையும் கருவி கழிவோடு சேர்த்துப் புரதச் சத்தின் ஒரு பகுதியையும் இழுத்து விடுகிறது. எனவே எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஆனால் வீட்டார் பழைய பத்தியத்தையே பிடித்துக் கொண்டு ரசமும் சோறும் மட்டும் கொடுக்கிறார்கள். அவரும் வாய் கசந்து தட்டை ஒதுக்குகிறார். சதை கரைந்து, தோல் எலும்போடு ஒட்டுகிறது.

1990-ல் வெளியான, 12,000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய அமெரிக்க ஆய்வில், இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைந்தவர்களே அதிகம் மரணித்ததாகக் கண்டார்கள். அது குறைவதற்குக் கிருமித் தொற்று போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஊட்டக்குறைவு அவற்றில் முக்கியமானது. மிகுதியாக உண்பது கொல்வது போலவே, உண்ணாமையும் கொல்லும்!

நம் கடற்கரை மீன் இருக்கிறது. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம். உப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கலாம். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். தனியே விழுங்கினால் பலனில்லை. அளவை அவரவர் டாக்டரிடமும் ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடமும் கேட்டு, அடுப்படியில் நிற்கும் பெண்மக்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.

ஜமாஅத்தார்களே! உங்கள் மஹல்லாவில் இந்நோயாளிகள் எத்தனை பேர் என்பதை அறிந்து வையுங்கள். வறியவராயின் அவர் ஸகாத்துக்கு உரியவர். ஒரு மாதத்து முட்டையும் மீனும் பஸ் கட்டணமும் அவருக்குக் கிடைக்கச் செய்வது, பழக்கூடையோடு போய் நலம் விசாரிப்பதைவிடப் பன்மடங்கு மேலானது.

நோயாளிகளே! நம் உடல் நமக்குச் சொந்தமல்ல, அல்லாஹ்வின் அமானிதம். தாகத்தை அடக்கி அரை டம்ளரோடு நிறுத்திக் கொள்வதும், வாய் கசந்தாலும் பிஸ்மில்லாஹ் சொல்லி மீன் துண்டை மென்று விழுங்குவதும், நிய்யத்தோடு செய்தால் நன்மையாகவே எழுதப்படும் என்று உறுதி கொள்ளுங்கள். நோன்பாளி பகலில் உணவை விடுவது யாருக்காகவோ, அவனுக்காகவே நீங்கள் இளநீரை விடுகிறீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை அருள்வாயாக! அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் விளக்கத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.