ஓரிக்கையும் உத்தியோகமும்



பிறரிடம் ஊதியம் பெற்று உழைப்பவன் தன் ஆத்மாவின் வளர்ச்சிக்கென்று நேரம் எடுத்துக்கொள்வது எங்ஙனம் என்று, அயல்நாடுகளில் பணிபுரியும் இளம் ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. வங்கியில் பல்லாண்டுகள் கணக்குப் பார்த்தவராயிற்றே, கால அட்டவணை ஒன்று தருவார் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அட்டவணைக்கு முன்னே தீர்க்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. ஊதியத்துக்கு ஈடாக நாம் கொடுக்க இசைந்தது எது, இசையாதது எது?

காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றங்கரைப் பக்கமுள்ள ஓரிக்கை என்னும் ஊர்ப் பெயரே இக்கேள்வியை ஒட்டிப் பிறந்ததுதான். திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணன், ஆசார்ய கைங்கர்யத்துக்கு வேண்டிய பொருள்களைப் பெறுவதற்காகப் பல்லவ மன்னனின் அரண்மனைக்குச் சென்றுவருவார் என்பர் பெரியோர். ஆழ்வாரின் அனுக்ரஹத்தால் முதுமை நீங்கிய பெண்ணொருத்தி அம்மன்னனின் மனைவியானாள். தானும் இளமை பெற விரும்பிய மன்னன், ஆழ்வாரை அழைத்துவருமாறு கணிகண்ணனைக் கேட்டான். அவர் எவர் வாசலுக்கும் வாரார் என்றதும், நீராவது நம்மைப் பாடும் என்றான். மனிதரைப் பாட மறுத்த கணிகண்ணன் நகரை விட்டு வெளியேற்றப்பட்டார். ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். அவர் விண்ணப்பிக்க, திருவெஃகாவில் கண்வளர்ந்த எம்பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே எழுந்தருளினான். அவர்கள் ஓரிரவு தங்கியதால் ‘ஓரிரவு இருக்கை’ என்றாகி, ஓரிக்கை என மருவிற்று. பின்னர் மன்னன் பிழை பொறுக்க வேண்ட, அனைவரும் மீண்டனர்.

கணிகண்ணன் மன்னனிடம் சம்பளம் பெற்ற ஊழியரல்லர். ஆயினும் அவன் பொருளை ஏற்றவர். பொருளை ஏற்றதில் அவர் குற்றம் காணவில்லை. பொருள் கொடுத்தவன் நாவையும் கேட்டபோதுதான் மறுத்தார். அரண்மனை வாசல் வரை சென்ற கால் வேறு, ஆழ்வாருக்கு ஆட்பட்ட நா வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

நம் பெரியோர் நாளை ஐந்தாகப் பகுத்ததும் இத்தெளிவுக்காகவே என்று நமக்குத் தோன்றுகிறது. அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்னும் பஞ்சகாலங்களை, திருவெஃகாவுக்கு அருகேயுள்ள தூப்புலில் 1268-இல் அவதரித்த வேதாந்த தேசிகன் ஸ்ரீ பாஞ்சராத்ர ரக்ஷையில் விரித்தருளினார். உபாதானமாவது திருவாராதனத்துக்கு வேண்டிய பொருளைத் தேடுதல். இன்று நம்மில் பலருக்கு உத்தியோகமே அந்த இடத்தில் நிற்கிறது. ஆக, சம்பாத்தியம் பகவத் விஷயத்துக்குப் பகையன்று. நாளின் ஐந்து பகுதிகளில் ஒன்று. மற்ற நான்கையும் அது விழுங்கும்போதே வழக்கு எழுகிறது.

விழுங்காமலிருக்கச் சட்டம் ஓரளவு வேலியிட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. தமிழகத்தில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்து, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஓரிக்கையின் பட்டு நெசவாளருக்கோ இவ்வேலி எட்டுவதில்லை. சேலைக்கு இவ்வளவு கூலி என்று பேசுவதால் நேரம் அவர்களுடையது போலத் தோன்றும். ஆனால் தறியை விட்டு எழுந்த ஒவ்வொரு நாழிகையும் கூலியிலிருந்து கழிகிறது. அவர்களிடம் ஸ்வாத்யாயம் பேசுமுன் கூலியைப் பற்றிப் பேசுவதே நியாயம்.

மாதச் சம்பளக்காரர் நிலை வேறு. இங்கே இரண்டு கணக்குகளைப் பிழையின்றி எழுத வேண்டும். கவுண்டரில் வாடிக்கையாளர் காத்திருக்க, மேசைக்குக் கீழே கைபேசியில் பாசுரம் சேவிப்பது ஸ்வாத்யாயமன்று. விற்றுவிட்ட நேரத்தை விலையின்றித் திரும்ப எடுப்பது. பாசுரம் என்பதால் அது வரவாகிவிடாது. அதுபோலவே, இரவு பத்து மணிக்கு மேலதிகாரியின் அழைப்புக்காகக் கைபேசியைத் தலைமாட்டில் வைத்திருப்பவர், விற்காத நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

இன்னொரு மயக்கமும் உண்டு. நம் காலத்தில் சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கு இரவிரவாகப் படித்தவர்கள் அதனைச் சுயமுன்னேற்றம் என்றே அழைத்தனர். தேறினால் ஊதிய உயர்வு உண்டு; குடும்பத்துக்கு நல்லதே. எனினும் அது உபாதானத்தின் நீட்சி. இன்றைய சான்றிதழ்ப் படிப்புகளும் பெரும்பாலும் அவ்வாறே. அந்த நேரத்தை ஸ்வாத்யாயத்தின் பற்றில் எழுதிவிட்டு, ‘நாமும் வளர்கிறோம்’ என்று இருப்பது தவறான பதிவு.

வீட்டுக் கடன் தவணை உள்ளவர் கணிகண்ணனைப் போல ஊரை விட்டுப் புறப்பட இயலுமா என்று கேட்கலாம். இயலாது, புறப்படவும் வேண்டாம். எம்பெருமானே ஓரிக்கையில் ஓரிரவுதான் தங்கினான். அந்த ஓரிரவைப் போலச் சிறு பொழுதொன்றை எவருக்கும் விட்டுக்கொடாமல் வைத்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு சிறியது என்றால், வங்கிக்காரர் பாணியிலேயே சொல்வோம். திருமழிசையாழ்வாரின் திருச்சந்தவிருத்தம் 120 பாசுரங்கள். விடியலில், அலுவலக மின்னஞ்சலைத் திறக்குமுன், நாளுக்கொரு பாசுரமாகப் பெரியவாச்சான் பிள்ளை வியாக்யானத்தோடு சேவித்தால் நான்கு மாதங்களில் நிறைவுறும். தை மகத்தில், ஆழ்வார் திருநக்ஷத்திரத்தன்று தொடங்கினால் சித்திரை வைகாசிக்குள் முடிந்துவிடும். அடுத்து நான்முகன் திருவந்தாதி; 96 பாசுரங்களே.