தவிலின் நாதம் எவர் செவிக்கு இனிமை?

திருவிழாக் காலங்களில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆலய வீதிகளில் அடியார்களிடையே எழும் வாதம் ஒன்றுண்டு. "தவில் அதிருகிறதே தவிரப் பேசவில்லை" என்பார் முதியவர். "இதுவல்லவோ நாதம்!" என்பான் பேரன். எவர் சொல்வது சரி?

மிருதங்கமாயின் வழக்கு எளிதில் தீரும். அதன் வலந்தலை பாடகரின் சுருதியோடு சேரவேண்டும். சேராவிடின் சிறு பிள்ளைக்கும் தெரிந்துவிடும். தவிலுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே தீர்ப்புச் சொல்வது செவிதான். செவியோ பழக்கத்தின் பிள்ளை.

முன்னர் தவிலின் இருபுறத் தோலையும் வாரால் இழுத்துக் கட்டினர். கடலோரக் கொழும்பின் ஈரலிப்பில் தோல் தளர்ந்துவிடும். பின்னர் இரும்பு வளையமும் திருகாணியும் வந்தன. தோல் நன்கு இறுகியது. நாதம் கூர்மையாகித் தொலைவுக்கும் கேட்டது. யாழ்ப்பாணத்தில் வார்த்தவில் கேட்டு வளர்ந்து, இடம்பெயர்ந்து வந்த முதியவருக்கு இழந்த ஊரின் ஒலியே இனிமை. அதைச் செவிக்குறை என்று நகைப்பது அநியாயம். ஆனால் அந்த நினைவைப் பேரனுக்குச் சட்டமாக்குவதும் நியாயமாகாது.

இடத்தையும் நோக்கவேண்டும். ஆடிவேல் இரதம் காலி வீதியில் வரும்போது வாகன இரைச்சலை வெல்ல இறுகிய தவில் வேண்டும். அதே தவில் சீமெந்து மண்டபத்துள் தேவாரம் ஓதுபவரின் குரலை விழுங்கிவிடும். (ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொன்னால் மட்டும் எவரும் கேட்பதில்லை!)

பூசைக்கு முன்னரே வித்துவானை மண்டபத்தில் சிறிது வாசிக்கச் சொல்லி, முதியவரையும் பேரனையும் ஒரே தூணருகே நிறுத்திக் கேட்கச் செய்யலாம். திருகாணியைத் தளர்த்த அதிக நேரம் செல்லாது.