எந்தக் காய் கழிவு?

பதினொரு பூசணிக்காய். நிறுத்தபோது ஐம்பது கிலோவும் சொச்சமும் வந்தது. வியாபாரி சொச்சத்தை விட்டார், ஐம்பதில் ஐந்தைக் கழித்தார், துண்டில் நாற்பத்தைந்து என்று எழுதினார். பேனை கொஞ்சமும் தயங்கவில்லை. பத்துக்கு ஒன்று கழிவு. பக்கத்தில் நின்ற என் மச்சான் குனிந்து காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணை, இதில எந்தக் காய் கழிவு?"

வியாபாரி சிரித்தார். "தம்பி வெளியிலயோ?"

வெளியில்தான், கனடா. லீவுக்கு மாங்குளம் வந்தவன், ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் சந்தை பார்க்கப் போவோம் என்று நின்றான். பக்கத்துக் காணி ஐயா தன்னுடைய பூசணிக்காய்களையும் டிக்கியில் போடலாமோ என்று கேட்டார். மாங்குளத்தை விட அங்கே விலை கூடவாம். அவ்வளவுதான் பயணம். எந்தச் சந்தை என்று சொல்லப்போவதில்லை. வடக்கில் எந்தச் சந்தையின் பெயரைப் போட்டாலும் தோட்டம் செய்கிறவர்கள் நம்புவார்கள். பத்து வீதக் கழிவைப் பற்றி அவர்கள் முறையிடுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

மற்றும்படி அது நல்ல சந்தை. பலாப்பழ வாசம் றோட்டுக்கே வந்து கூப்பிட்டது. கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை வைக்கோலில் அடுக்கி, வாங்க வந்தவர் அமுக்கிப் பார்த்தால் கையைத் தட்டிவிடுகிற ஓர் அம்மா இருந்தா. மச்சான் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தான். அந்தத் துண்டை மட்டும் எடுக்கவில்லை.

கழிவுக்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கீரை வாடும், தக்காளி நசியும், கத்தரியில் புழு இருக்கும், வெங்காயத்தோடு மண்ணும் சருகும் வரும். காலையில் நிறுத்தது பின்னேரம் அந்த நிறையில் நிற்காது. வியாபாரியும் வட்டிக்குக் காசெடுத்துத்தான் முதல் போடுகிறார். ஆனால் பூசணி? முற்றிய காயைக் காம்போடு பறித்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். எங்கள் வீட்டு அடுக்களை மூலையில் மாரி முழுக்கக் கிடந்திருக்கிறது. ஐந்து கிலோ என்றால் ஏறத்தாழ ஒரு முழுக் காய். யாரும் அதை வெட்டி எறியவில்லை. பதினொன்றும் வியாபாரியின் குவியலுக்குத்தான் போயின. துண்டில் மட்டும் ஒன்று காணாமற் போனது. தராசோ புத்தம்புதிது, முத்திரை குத்தியது. தராசைச் சோதிக்க 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தராசு சரியாகத்தான் காட்டியது. பிழை அதற்குப் பிறகு, பேனையில் நடந்தது.

சின்ன வயதில் சூடு அடித்து, தூற்றி, பொலி குவித்த பிறகு அம்மப்பா அளக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் முன்னரே அதில் குறையும். முதலில் பிள்ளையாருக்கு. பிறகு களத்தோரம் நின்றவர்களுக்கு: முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுத்தவர். அம்மப்பா அதைக் கழிவு என்று ஒருநாளும் சொன்னதில்லை. கொடுத்த நெல் யாருடைய சாக்குக்குப் போனது என்று அவருக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரிந்து போனால் கொடை, தெரியாமல் போனால் களவு.

அதிலும் இப்போது நம்பிக்கை இல்லை. களத்தோரம் நின்றவர்கள் வாய் திறந்து கேட்டதாக நினைவில்லை. வருடம் முழுக்கச் செய்த வேலைக்கு எத்தனை மரைக்கால் என்று தீர்மானித்தது அம்மப்பா. அவர்கள் தலையாட்டினார்கள். சந்தையில் ஐயா ஆட்டியதும் அதே மாதிரித் தலைதான். அம்மப்பாவுக்குக் கொடை என்று தெரிந்தது அவர்களுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்? கேட்க இப்போது ஆள் இல்லை.

உயர்தரத்தில் படித்த பட்டினப்பாலை அரைகுறையாக நினைவிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை உருத்திரங்கண்ணனார் மெச்சும் இடம்: வாங்கும்போது மிகையாக எடுக்கமாட்டார்கள், விற்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். வாத்தியார் அதைத் தமிழர் அறம் என்று விளக்கினார், நாங்களும் எழுதிப் புள்ளி வாங்கினோம். இன்று யோசித்தால், எல்லாரும் அப்படித்தான் என்றால் புலவருக்கு அதை எடுத்துச் சொல்லும் தேவை ஏன் வந்தது? கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் வெளிப்படை. முகந்து அளக்கும் பொருளுக்குப் பதினாறில் ஒன்று, நிறுக்கும் பொருளுக்கு இருபதில் ஒன்று, எண்ணும் பொருளுக்குப் பதினொன்றில் ஒன்று அரசுக்கு என்று பட்டியலே போட்டிருக்கிறது. பதினொரு காயை எண்ணி ஒன்றை எடுத்திருந்தால் கௌடில்யர் கணக்குச் சரியாக வந்திருக்கும். ஆனால் ஐயாவின் காய்கள் நிறுக்கப்பட்டவை. நிறுத்ததற்கு அந்த அரசனே இருபதில் ஒன்றோடு விட்டான்.

திரும்பி வரும்போது ஆனையிறவு உப்பளத்தைக் கடக்கையில் மச்சான் மறுபடியும் தொடங்கினான். "ஐயா, நீங்கள் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

ஐயா வெளியே பார்த்தபடி சொன்னார்: "எத்தினை போச்சு பிள்ளை. அஞ்சு கிலோவுக்கு நிண்டு கதைக்கவோ?"

காருக்குள் பிறகு பேச்சில்லை. போர் நடந்த 2008இன் கடைசியில் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமானோடு மாங்குளத்தை விட்டு வெளிக்கிட்டவர் அவர். ஒவ்வோர் இடப்பெயர்விலும் பெட்டி குறைந்தது. கடைசியில் மெனிக்பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது உடுத்திருந்த சாரம்தான் மிச்சம். அப்படிப்பட்டவர் சொல்லும்போது ஐந்து கிலோ சின்ன விஷயமாகத்தான் படுகிறது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. எல்லாம் பறிகொடுத்தவர் இதையும் பெரிதுபடுத்தமாட்டார் என்பது வியாபாரிக்குத் தெரியாதா? பெரிய இழப்பு மனிதனுக்கு விடுதலை தருகிறதா, இல்லை அடுத்தவன் கை வைக்க வசதி செய்து கொடுக்கிறதா?

முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரையும் போல இறங்கினோம். ஐயா தேங்காய் உடைத்தார். மடியிலிருந்த பூசணிக்காய்க் காசில் கைக்கு வந்ததை எண்ணாமல் உண்டியலில் போட்டார். ஐந்து கிலோவின் விலையை விடக் கூடவாகவே இருக்கும். பிறகு கச்சான் வாங்கி எங்களுக்கும் தந்தார். மச்சான் என்னைப் பார்த்தான். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

2016இல் விளைபொருள் வாங்கி விற்கும் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தைக்கா தாண்டிக்குளத்துக்கா என்று பெரிய இழுபறி நடந்தது. மாங்குளத்தின் பெயரும் அடிபட்டது. தேநீர்க் கடைகளில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சண்டை பிடித்தோம். கட்டடம் எங்கே என்றுதான் பேச்சு முழுவதும். அங்கே நிறுத்த பிறகு துண்டில் என்ன எழுதுவார்கள் என்று யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை.

ஐயாவிடம் இருப்பது பெருந்தன்மையா களைப்பா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த தடவை அவருக்காக நான் சண்டை பிடித்தால் சந்தோஷப்படுவாரா, வெட்கப்படுவாரா என்பதும் தெரியாது. ஆனால் வாடாத, அழுகாத பொருளுக்குக் கழிவு எடுப்பதை நிறுத்தச் சொல்ல அவருடைய சம்மதம் தேவையில்லை. பிரதேச சபைகளுக்கு அதிகாரம் இருக்கிறது. சந்தையைக் குத்தகைக்குக் கொடுக்கும் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தாலே போதும்.