தொலைவின் சான்றும் அருகிருப்போர் கூட்டமும்

ஒரு கூட்டம் தன்னளவிலேயே முழுமையானதா, அல்லது தன்னினும் பெரிய ஒன்றோடு இணைந்திருக்கும்போது மட்டுமே முழுமை பெறுகிறதா என்னும் வினா, கோயிலை முன்வைத்தும் சபையை முன்வைத்தும் ஜமாஅத்தை முன்வைத்தும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. இணைய வசதியே இல்லாத ஒரு கணினியில் ஹாட்ஸ்பாட் அமைக்கும் எளிய செயலிலும் இதே வினா எழுகிறது என்பதைச் சமய ஆராய்ச்சியாளர் பலர் கவனிக்கவில்லை. ஹாட்ஸ்பாட் என்பது, கணினியிலுள்ள வைஃபை கருவி தன் பெயரைச் சுற்றுப்புறத்தில் அறிவித்து, அருகிலுள்ள கைப்பேசிகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அதற்கு இணையம் தேவை என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், உண்மையில் இணையம் அதன் இயல்பில் அடங்கியதன்று.

இந்த ஏற்பாடு இயங்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. கணினி தன் வலைப்பின்னலின் பெயரை நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை காற்றில் ஒலிபரப்புகிறது; ஒரு கைப்பேசி வந்து சேர்ந்ததும், அதற்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்முகவரியைத் தருகிறது. இவ்வகை முகவரிகள் 1996-இல் உள்வட்டப் பயன்பாட்டுக்கென வரையறுக்கப்பட்டவை. அந்த வட்டத்துக்கு வெளியே அவற்றுக்குப் பொருளில்லை, ஆயினும் உள்ளே அவை முழுப் பயனும் தருவன. கணினியில் சேமிக்கப்பட்ட நூல்களையும் பாடல்களையும் பேருரைகளையும் அந்த நொடியிலிருந்தே கைப்பேசியில் திறக்கலாம். ஆனால் கைப்பேசி அத்துடன் நிறைவடைவதில்லை: தன்னையோ தன் இயங்குதளத்தையோ உருவாக்கிய நிறுவனத்தின் தொலைதூரச் சேவையகம் ஒன்றை அழைத்துப் பார்க்கிறது, பதில் வராவிட்டால், இணைப்பின் குறியருகே ஒரு வியப்புக்குறியை இட்டு, இங்கே இணையம் இல்லை என்று அறிவிக்கிறது, சில வேளைகளில் கைப்பேசியை வைத்திருப்பவரைக் கேளாமலே மொபைல் டேட்டாவுக்கு மாறியும் விடுகிறது. விண்டோஸ் கணினியின் மொபைல் ஹாட்ஸ்பாட் வசதியும், பகிர்ந்தளிக்க வேறோர் இணைப்பு இல்லையெனில் பெரும்பாலும் தொடங்கவே மறுக்கிறது. லினக்ஸ் கணினி அந்த நிபந்தனையை விதிப்பதில்லை.

இவ்வியப்புக்குறியில் ஒரு தத்துவக் கொள்கை ஒளிந்திருக்கிறது. தொலைவிலுள்ள மையம் சான்று தந்தால் மட்டுமே அருகிலுள்ளது மெய்ப்பொருளாகும் என்பதே அக்கொள்கை. அதை ஏற்பதற்கில்லை என்பதும், அதை மறுக்கும் வலிமை தென்னிந்தியச் சமய மரபுகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாராய்ச்சிக்குப் பெங்களூருவின் காக்ஸ் டவுனைக் களமாகக் கொள்வது பொருத்தமானது. 1809-இல் ஆங்கிலேயர் நிறுவிய கண்டோன்மெண்ட்டின் விரிவாக உருவான பகுதிகளுள் ஒன்றாகிய இங்கு, சென்னை மாகாணத்திலிருந்து படையோடும் படைசார்ந்த தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள், கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் பேசுவோருடன் சுவரோடு சுவராக வாழ்கின்றனர். வீலர் ரோட்டிலோ ஜீவனஹள்ளியிலோ ஒருவர் அடுத்த வீட்டாருக்கு அனுப்பும் செய்தி இன்று பல ஊர்களைக் கடந்து சென்றே அந்த அடுத்த வீட்டை அடைகிறது. வழிபாட்டுக் கூடமொன்றில் ஒரே பாயில் அமர்ந்திருக்கும் இருவர் ஒரு பாடற்புத்தகத்தின் கோப்பைப் பகிர்ந்துகொள்வதற்கும் பெரும்பாலும் நெடுந்தொலைவிலுள்ள நிறுவனங்களின் தயவை நாடுகின்றனர். அந்தக் கூடத்திலேயே ஒரு கணினி ஹாட்ஸ்பாட்டாக இயங்கினால், சுமார் முப்பது மீட்டர் தொலைவுக்குள் இருப்போர் அத்தயவின்றியே நூலையும் இசையையும் பெற இயலும். 2005 முதல் இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இதற்குப் பயன்படுத்தத் தனி உரிமமும் வேண்டுவதில்லை.

அருகிலிருப்பது குறைவுபட்டதா என்னும் வினாவுக்குத் தமிழ் வைணவம் தந்த விடை மிகத் தெளிவானது. திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவனுடைய ஐந்து நிலைகளை ஒரு தாகமுற்றவனின் கண்கொண்டு வரிசைப்படுத்துகிறார். உள்ளுறைந்து நிற்கும் அந்தர்யாமி நிலை நிலத்தடி நீர் போன்றது. பரமபதத்து நிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர் போன்றது. வியூகம் பாற்கடல் போன்றது. அவதாரங்கள் பெருகி ஓடி மறைந்த ஆறு போன்றவை. கோயிலிலும் இல்லத்திலும் எழுந்தருளியுள்ள அர்ச்சை, அதாவது வழிபடப்பெறும் திருமேனி, ஆறு வற்றிய பின்னும் தேங்கி நிற்கும் மடு போன்றது. மடுவின் நீர் ஆற்றினும் தாழ்ந்த நீர் என்று அவர் கருதவில்லை என்பதே இங்கு முதன்மையானது: குணங்கள் எல்லாம் அர்ச்சையில் நிறைந்திருக்கின்றன, அதற்கு மேல் எட்டுதற்கான எளிமையும் சேர்கிறது. இக்கொள்கையை அவர் தம் வாழ்விலேயே சோதித்துப் பார்க்க நேர்ந்தது. 1323-இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது அவர் நம்பெருமாள் என்னும் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு வெளியேறினார் என்றும், மதுரையை அடுத்த ஜோதிஷ்குடியில் உயிர்நீத்தார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. பெருங்கோயிலோடு இருந்த தொடர்பு அற்றுப்போன அந்த வழிநடையில், வணங்கப்பட்டவனுடைய இருப்பு ஓர் அணுவும் குறைந்ததாக அவருடைய மரபு கருதவில்லை.

கிறித்தவத்தில் இதே விவாதம் சபை ஆட்சிமுறை பற்றியதாக வடிவெடுத்தது. ஆங்கிலேயக் காங்கிரிகேஷனல் சபையார், ஓரிடத்தில் கூடும் ஒவ்வொரு விசுவாசக் கூட்டமும் தனக்கு வேண்டிய அதிகாரம் அனைத்தையும் நேரடியாகவே பெற்றுள்ளது என்று 1658-இன் சவோய் அறிக்கையில் எழுதிவைத்தனர். 1820 முதல் பெங்களூரில் பணியாற்றிய லண்டன் மிஷனரி சங்கம் பெரிதும் இவர்களின் ஆதரவில் இயங்கியதாகும். ஆங்கிலிக்கன் மரபோ பேராயர்களின் இடையறாத தொடர்ச்சியைச் சபையின் அடையாளமாகக் கொண்டது. இவ்விரு கொள்கையினரும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றிணைவதற்கு, 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கி ஏறத்தாழ 28 ஆண்டுகள் பேச வேண்டியிருந்தது. உள்ளூர்க் கூட்டத்தின் முழுமையை விட்டுக்கொடுக்காமலே பரந்த உறவை ஏற்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கால அளவே காட்டும்.

இசுலாமியச் சட்டவியலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆ செல்லுபடியாவதற்குரிய நிபந்தனைகள் இன்னும் நுட்பமானவை. தமிழகக் கடற்கரை ஊர்களில் பெருவழக்கான ஷாஃபி மரபு, அவ்வூரிலேயே நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆடவர் வேண்டும் என்கிறது. ஹனஃபி மரபில் இமாமைத் தவிர மூவர் போதும். ஆனால் அம்மரபு நூல்களில் சொல்லப்படும் நிபந்தனைகளுள் பொது அனுமதி என்பதும் ஒன்று, அதாவது தொழ வரும் எவருக்கும் அந்த இடத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறதா என்று கேட்கும் இந்நிபந்தனையில் ஆழ்ந்த நுண்ணறிவு உள்ளது. உள்ளூர்க் கூட்டம் கெட்டுப்போவதற்கு மையத்தோடு தொடர்பின்மை காரணமாவதைவிட, பக்கத்துத் தெருவினருக்குக் கதவடைப்பதே மிகுதியும் காரணமாகிறது.

ஆயினும் எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரே கணினியிலிருந்து நூல்களையும் உரைகளையும் பெறும் கூட்டம், அதில் ஏற்றப்பட்டவற்றுக்கு மறுப்பாக எழுதப்பட்டதை அறியாமலே போகலாம். பிழையான உரையொன்று திருத்தப்படாமல் பல்லாண்டு நிலைத்துவிடலாம். கணினியைப் பேணுபவர் எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று முடிவு செய்யும் நிலையில் அமர்கிறார். அவரை எவரும் அப்பதவிக்குத் திருநிலைப்படுத்தவில்லை. மேலும் முகவரி வழங்கப்பட்ட கருவிகளின் பட்டியலை அந்தக் கணினி வைத்திருக்கிறது. அதில் கைப்பேசியின் பெயர், சிலவேளை உரிமையாளரின் சொந்தப் பெயர், சேர்ந்த நேரத்தோடு பதிவாகிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அறியும் இந்த அதிகாரம், தொலைவிலுள்ள நிறுவனத்திடம் இருப்பதைவிட, நாள்தோறும் முகம் பார்க்கும் அண்டைவீட்டாரிடம் இருக்கும்போது கூடுதல் அச்சந்தருவது.

இந்த இடர்களுக்கு நடைமுறை விடையும் கருநாடகத்திலேயே தேடப்பட்டுள்ளது. பெங்களூருவின் ஜனஸ்து என்னும் அமைப்பு, தும்கூரு மாவட்டத்தின் தேவராயனதுர்கா பகுதியில், சமூகத்துக்கே உரிமையான வைஃபை மெஷ் ஒன்றை அமைக்க முனைந்தது. மெஷ் என்பது ஒவ்வொரு கருவியும் அடுத்ததற்குத் தகவலைக் கடத்தி, மையமின்றியே பரவும் வலைப்பின்னல். அதன் நோக்கம், ஊரார் பேசிப் பதிவு செய்பவை ஊருக்குள்ளேயே சேர்ந்து, ஊரார் கையிலேயே இருப்பது. பெறுபவரே சேர்ப்பவருமாகும்போது பேணுபவரின் தனியதிகாரம் கரைகிறது. கூட்டத்தின் முழுமை பற்றிய வினாவில் இதுவே தீர்ப்பு: அருகிருப்போர் கூட்டத்துக்குத் தொலைவின் சான்று தேவையில்லை, ஆனால் அக்கூட்டத்தினர் ஒவ்வொருவருக்கும் அதில் பேசவும் திருத்தவும் உரிமை இருந்தாக வேண்டும்.

காக்ஸ் டவுனின் கோயில் குழுவினரோ சபைக் கமிட்டியினரோ ஜமாஅத் நிர்வாகிகளோ பழைய கணினி ஒன்றை இப்பணிக்கு ஒதுக்குவாராயின், கடவுச்சொல் யார் யாருக்குத் தரப்படும், கோப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் யாருக்கு உரிமை, வந்து சேர்ந்த கருவிகளின் பட்டியல் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்னும் மூன்றையும் முதலில் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பின்னரே கணினியை இயக்க வேண்டும்.