நெரிந்த நாணலுக்கும் நாதம் உண்டு



நாதசுரக் கலைஞரை அருகில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கருவியின் மேல்முனையில் மாற்றுச் சீவாளிகள் நூலில் தொங்கும். நாணலைப் பதப்படுத்தி, சீவி, கட்டிச் செய்வது சீவாளி. கருவி என்னவோ நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது, 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனாலும் அதைப் பேசவைப்பது விரல் நீளம்கூட இல்லாத இந்த நாணல்தான். காய்ந்திருந்தால் அது பேசாது. கலைஞர் வாயில் வைத்து நனைத்து, அது இளகும்வரை காத்திருக்கிறார்.

நம் செஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தேர்பவனி என்றால் ஊதுகிறவர்கள் முன்னே நடக்க வேண்டும். அந்த வரிசையில் நாளை நடக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். நாதசுரமோ டிரம்பெட்டோ, கையில் எடுத்ததும் இசை வந்துவிடாது. முதலில் வெறும் பிளிறல்தான் வரும். மூச்சு அடிவயிற்றிலிருந்து எழவும், உதடு பழகவும், பக்கத்துப் பிள்ளையின் சுருதியோடு சேரவும் மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்களில் நம் வீட்டில் என்ன கேட்கிறது? “நிறுத்து, தலை வலிக்கிறது” என்றா? “உனக்கெல்லாம் வராது” என்றா? அபசுரம் எழுந்ததும் ஓங்கிய கை எத்தனை பிள்ளைகளின் மூச்சை அடக்கியிருக்கும்? வாத்தியத்தைப் பற்றி மட்டுமா கேட்கிறேன்? படிப்பிலும் செபத்திலும் தடுமாறும் பிள்ளைக்கு நாம் எவ்வளவு அவகாசம் தருகிறோம்?

புனித தொன் போஸ்கோ துரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களைச் சேர்த்து, தொழிலோடு பேண்டு வாத்தியமும் கற்கச் செய்தார். அடியை விலக்கினார், அறிவு, இறைப்பற்று, கனிந்த அன்பு ஆகிய மூன்றையும் நம்பினார். அவர்களோடு விளையாடினார், உடனிருந்தார். 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த அவருடைய சலேசிய சபைத் துறவிகள் அந்த வழியையே நம் மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்பானவர்களே, மண்ணால் உருவாக்கிய மனிதனுக்குள் கடவுள் தம் உயிர்மூச்சை ஊதினார் என்று நம்புகிறோம். பிள்ளை ஊதும் மூச்சும் அவர் தந்ததே. அவருடைய ஊழியர் நெரிந்த நாணலை முறிக்க மாட்டார் என்று எசாயா இறைவாக்கினர் அறிவித்தார். அந்த ஊழியரை நாம் இயேசுவில் கண்டோம். மும்முறை மறுதலித்த பேதுருவை அவர் ஒதுக்கவில்லை. “என்னை அன்பு செய்கிறாயா?” என்று மும்முறை கேட்டு, தம் ஆடுகளையே ஒப்படைத்தார்.

சிறுவயதில் யாரோ சொன்ன ஒரு சொல்லால் பாட்டையோ படிப்பையோ கைவிட்டவர்கள் உங்களில் இருக்கலாம். உங்களையும் ஆண்டவர் தள்ளவில்லை. அவர் இன்னும் பொறுமையாக உங்களைக் கையில் வைத்திருக்கிறார். அந்த இரக்கத்தைப் பெற்ற நாம் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். இன்று மாலை உங்கள் பிள்ளை வாத்தியத்தை எடுக்கும்போது அருகில் போய் உட்காருங்கள். தவறினால், “இன்னொரு தடவை வாசி, கண்ணு” என்று சொல்லுங்கள்.

இரக்கத்தின் ஆண்டவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.