கசியும் குழாயும் காணாத அயலாரும்

அமெரிக்க நகரங்களின் குடியிருப்புத் தெருக்களில் ஓசையின்றி வந்து நின்று, பொதியை வாசலில் வைத்துவிட்டு ஓசையின்றிப் புறப்படும் மின் வேன்கள் இன்று பழகிய காட்சியாகிவிட்டன. 2019ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் ரிவியன் என்னும் வண்டி நிறுவனத்திடம் 1,00,000 மின் வேன்களுக்கு ஆணை தந்தது. 2022ஆம் ஆண்டுக் கோடையில் அவை தெருவில் இறங்கின. அதே ஆண்டில் ஃபோர்டு நிறுவனமும் தன் மின் வேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வண்டிகளுக்குப் புகைக்குழல் கிடையாது. காற்றைக் கெடுக்காத வாகனம் என்ற நற்பெயர் அவற்றுக்கு உண்டு. அப்பெயர் பெருமளவு நியாயமானதே. ஆயினும் இவ்வண்டிகளுக்குள்ளும் ஒரு வாயு அடைபட்டுக் கிடக்கிறது. குளிர்சாதனத்தில் சுற்றிவரும் அந்த வாயுவை வெளியேறாமல் காக்கும் உறுப்புகளுள் மிக எளியது ஒரு ரப்பர் குழாய். அது கசியத் தொடங்கும்போது அதைக் கழற்றி வேறொன்றை மாட்டும் தொழிலாளியின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. இன்னாருக்கு என்று சுட்டிக்காட்ட முடியாத ஒரு தீங்கைத் தவிர்ப்பதற்காக, யாரும் காணாத இடத்தில், தன் நேரத்தையும் கூலியையும் இழக்க ஒரு மனிதர் கடமைப்பட்டவரா?

குழாயை முதலில் பார்ப்போம். குளிர்சாதனத்தின் இணைப்புகளில் பெரும்பகுதி அலுமினியத்தால் ஆனது. ஆனால் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் இயங்கும்போது அதிரும். வண்டியோ மேடு பள்ளங்களில் குலுங்கும். விறைப்பான உலோகம் இதை நெடுநாள் தாங்காமல் விரிசல் விட்டுவிடும். ஆகவே இடையிடையே வளைந்து கொடுக்கும் குழாயை வைக்கிறார்கள். உட்புறத்தில் வாயுவைத் தடுக்கும் நைலான் படலம், அதன்மேல் ரப்பர், அதன்மேல் நூலிழைப் பின்னல், எல்லாவற்றையும் மூடி மீண்டும் ரப்பர். இரு முனைகளிலும் அலுமினியக் குழலை நசுக்கிப் பிணைத்திருப்பார்கள். கசிவு பெரும்பாலும் இந்தப் பிணைப்பில்தான் தொடங்குகிறது. பொதி வண்டி ஒரே நாளில் நூறு வாசல்களுக்கு மேல் நின்று நின்று புறப்படுவது. அதன் குழாய்க்கு ஓய்வு குறைவு.

மின் வண்டியில் குளிர்சாதனம் வெறும் சொகுசுப் பொருளன்று. பல வண்டிகளில் பேட்டரியின் சூட்டைத் தணிப்பதும் அதே வாயுதான். வாயு குறைந்தால் பேட்டரி சூடேறும். சூடேறிய பேட்டரி விரைவாக மின்னேற்றம் கொள்ள மறுக்கும். ஓட்டுநரின் உடலோ பேட்டரியைவிட அருமையானது. அமெரிக்காவில் யூ.பி.எஸ். நிறுவனத்தின் பழுப்பு நிறப் பொதி வண்டிகள் பல்லாண்டுகளாகக் குளிர்சாதனமின்றியே ஓடின. கோடையில் அவற்றின் பின்கட்டுக்குள் ஏறிப் பொதி தேடுவது அடுப்புக்குள் நுழைவது போன்றது. 2023ஆம் ஆண்டில் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் அந்நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான், 2024 சனவரி முதல் நாளுக்குப் பின் வாங்கும் பொதி வண்டிகளில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்பது எழுத்தில் வந்தது. ஒரு தொழிலாளி குளிர்ந்த காற்றைப் பெறுவதற்குத் தொழிற்சங்கம் பேரம் பேச வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, மனச்சான்றுள்ள ஒரு தொழிலாளி இக்குழாயை எவ்வாறு மாற்றுகிறார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மின் வேனின் கம்ப்ரஸரை இயக்குவது உயர் மின்னழுத்தம். பல வண்டிகளில் அது 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். முதலில் அவர் மின் இணைப்பைத் துண்டிக்கும் செருகியை உருவி, வேறெவரும் தவறிப்போய் மாட்டிவிடாதபடி பூட்டி வைக்கிறார். எஞ்சிய மின்சாரம் அடங்கும்வரை காத்திருக்கிறார். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையில் காற்றை அடைத்து, ஊசித்துளை உண்டா என்று சோதிக்கிறார். மானியை வைத்து மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பின்னரே கை வைக்கிறார். இந்தக் கட்டத்தில் யாரும் ஏமாற்றுவது அரிது. பிழைத்தால் போவது தம் உயிரே என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த கட்டம் அப்படிப்பட்டதன்று. குழாயைக் கழற்றுவதற்கு முன் உள்ளிருக்கும் வாயுவை மீட்பு இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் சேர்க்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். இணைப்பைச் சற்றுத் தளர்த்திவிட்டாலோ, உஸ்ஸென்ற ஓசையோடு சில நிமிடங்களில் எல்லாம் காற்றில் கலந்துவிடும். நிறமில்லை, பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கும்படியான நாற்றமுமில்லை. பிறகு திறந்த முனைகளை உடனே மூடிவைக்க வேண்டும். மின் கம்ப்ரஸர்களில் பெரும்பாலும் பயன்படும் பி.ஓ.இ. எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மற்ற வண்டிகளின் பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு கெட்டு, வண்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளக்கூடும். ஆதலால் மீட்பு இயந்திரத்தின் சொந்தக் குழாய்களில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயையும் முன்னதாகவே கழுவியாக வேண்டும். புதிய குழாயைப் புதிய ஓ-ரிங்குகளோடு பூட்டியபின், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற அரைமணி நேரமாவது வெற்றிடப் பம்பு ஓட வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின்தான் வாயுவைக் கிராம் கணக்கில் எடைபோட்டு ஏற்றுவது. இத்தனையையும் சுருக்கிவிட ஒரு வழியுண்டு. கசிவை அப்படியே விட்டுவிட்டு, குறைந்த வாயுவை மட்டும் நிரப்பி அனுப்பிவிடலாம். கோடைதோறும் காருக்குக் "கேஸ் ஏற்றும்" நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வாயுவின் வரலாறே நல்லெண்ணத்தின் விளைவுகளைப் பற்றிய ஒரு பாடம். தொடக்கக் காலக் குளிர்பெட்டிகளில் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் இருந்தன. கசிந்தால் வீட்டிலிருப்போரைக் கொல்லக்கூடியவை. மனிதருக்குத் தீங்கில்லாத ஒன்றைத் தேடிய அமெரிக்க வேதியியலார் தாமஸ் மிட்ஜ்லி, 1930ஆம் ஆண்டில் தாம் உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பனை அறிஞர் அவையில் மூச்சாக உள்ளிழுத்து, அதை ஊதி மெழுகுத்திரியை அணைத்துக் காட்டினார். அருகில் நிற்பவருக்கு அது தீங்கு செய்யவில்லை என்பது உண்மையே. 1974ஆம் ஆண்டில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய இருவரும் அவ்வாயு மேலே சென்று ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினர். 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது தெரியவந்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1995ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பவுல் குருட்சனோடு இவ்விருவருக்கும் கிடைத்தது. மொலினா பிற்காலத்தில் திருப்பீட அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும் இருந்தார்.

பழைய வாயுவின் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,300 முதல் 1,500 மடங்கு வரை புவியைச் சூடாக்கும். 700 கிராம் வாயுவைத் திறந்துவிட்டால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட்டதற்கு அது சமம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ என்று கொண்டால், அந்தச் சில நிமிட உஸ்ஸென்ற ஓசைக்குள் 370 லிட்டர் டீசலின் புகை அடங்கியிருக்கிறது. புகைக்குழல் இல்லாத வண்டியிலிருந்துதான் இத்தனையும்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: உலகில் ஆண்டுதோறும் கோடானுகோடி டன் வெளியேறும்போது என் ஒரு டன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? எந்த வெள்ளத்தில் எந்தக் குழந்தை என்னால் இறந்தது என்று காட்டுங்கள் பார்ப்போம். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. பிரிட்டானிய மெய்யியலார் ஜொனாதன் குளோவர் 1975ஆம் ஆண்டில் இதற்கு ஓர் உவமை தந்தார். ஓர் ஊரில் நூறு பேர் உண்ண அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு பயறு மணிகள். ஆயுதம் தாங்கிய நூறு கொள்ளையர் வருகிறார்கள். ஒரு கொள்ளையன் ஒருவருடைய கிண்ணத்தைப் பறித்து முழுவதையும் உண்டால் அவன் செய்த தீங்கு வெளிப்படை. மாறாக, ஒவ்வொரு கொள்ளையனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு மணியை மட்டும் எடுக்கிறான். ஒரு மணி குறைந்ததை எவரும் உணரமாட்டார். ஆகவே தான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று ஒவ்வொருவனும் சொல்லிக்கொள்ளலாம். முடிவிலோ நூறு கிண்ணங்களும் காலி. பலர்மேல் பகிர்ந்துவிட்டதால் தீங்கு மறைந்துவிடுவதில்லை என்பது இந்த எளிய கணக்கிலிருந்து தெளிவாகிறது. கிண்ணத்துக்கு உரியவர் இன்னும் பிறக்கவில்லை என்பதாலும் அது குறைந்துவிடாது. ஆகவே அந்த அரைமணி நேரத்தை நாம் தொழிலாளியின் தயவு என்று எண்ணலாகாது. அது பிறருக்குச் சேர வேண்டிய நீதி என்பதே என் கருத்து.

ஆனால் இந்த நீதியின் விலையை யார் தருகிறார்கள்? அமெரிக்காவில் குளிரூட்டி வாயுவை வேண்டுமென்றே காற்றில் விடுவது சட்டப்படி குற்றம். 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களின்படி, கூலிக்கு வண்டிக் குளிர்சாதனம் பழுது பார்ப்பவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். எனினும் பட்டறை ஒவ்வொன்றிலும் ஒரு காவலரை நிறுத்த முடியாது. அங்குள்ள பட்டறைகள் பலவற்றில் கூலி கணக்கிடும் முறை இன்னொரு சிக்கலைத் தருகிறது. இந்த வேலைக்கு இத்தனை மணி என்று கையேடு ஒன்று வரையறுத்திருக்கும். எத்தனை மணி நேரம் உழைத்தாலும் கையேட்டுக் கணக்குக்கே கூலி. விரைந்து முடிப்பவர் ஆதாயம் பெறுகிறார். முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பவர் தம் பையிலிருந்து இழக்கிறார். இத்தகைய ஏற்பாட்டைச் செய்துவிட்டு, தொழிலாளியின் மனச்சான்றைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. வண்டி மறுநாள் காலையிலேயே தெருவுக்கு வந்தாக வேண்டும் என்று நெருக்கும் உரிமையாளருக்கும், பொதி இன்றே வேண்டும் என்று விரும்பும் நமக்கும் இதில் பங்குண்டு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 55ஆம் பத்தியில், தீங்கு விளைக்கும் நுகர்வுப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனப் பயன்பாட்டின் பெருக்கத்தைக் குறிப்பிடுகிறார். சந்தை தூண்டும் தேவைகளைப் பற்றிய அந்தக் கண்டனம் நம் வீடுகளுக்கும் கடைவளாகங்களுக்கும் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பொதி வண்டி ஓட்டுநர்மேல் அதை அப்படியே சுமத்துவதுதான் பொருந்தாது. பகல் முழுதும் பொதி சுமப்பவரின் உடல் வெப்பத்தை விண்ணுலகின் நலனுக்காக அவரே தாங்கிக்கொள்ளட்டும் என்று குளிர்ந்த அறையிலிருந்து சொல்வது நமக்கு எளிது. அருகிலிருக்கும் அயலாரும் தொலைவிலிருக்கும் அயலாரும் ஒரே குழாயின் இரு முனைகளில் நிற்கிறார்கள். குழாயை முறையாக மாற்றுவதொன்றே இருவருக்கும் ஒருசேரச் செய்யும் நன்மை.

புதிய வண்டிகளில் பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்னும் வாயு பயன்படுகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட அதிகம் மோசமன்று. விலையோ முந்தையதைவிடப் பல மடங்கு. அதனால் அதை வீணாக்க எவருக்கும் மனம் வருவதில்லை; சட்டமும் போதனையும் செய்ய முடியாததைச் சிக்கனம் செய்துவிடுகிறது! ஆனால் இவ்வாயு வெளியேறினால் சில நாள்களிலேயே சிதைந்து டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலமாகி மழையோடு நிலத்தில் இறங்குகிறது. எளிதில் அழியாத அந்த அமிலம் நீர்நிலைகளில் சேர்ந்துகொண்டே போவதை அறிவியலார் கவலையோடு கவனித்து வருகின்றனர். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மின் வண்டிகள் சிலவற்றில் கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது கசிந்தால் வானத்துக்குப் பெரிய கேடில்லை. ஆனால் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்கையும் தாண்டும். அந்தக் குழாயின் இணைப்பை, வாயுவை இறக்காமல் அவசரத்தில் தளர்த்தும் தொழிலாளி, கையுறைக்குள் ஊசித்துளை தேடியபோது அஞ்சியதைப் போலவே அங்கும் தம் கைக்காக அஞ்ச வேண்டியிருக்கும்.