தராசின் முன் நிற்கும் மனிதன்

மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஆரப்பாளையத்து அன்பர் ஒருவர் வந்து சலாம் உரைத்து அருகில் அமர்ந்தார். சிறு வயதில் நம்மிடம் ஓதியவர். இன்று நாற்பதைக் கடந்துவிட்டார். பேருந்து நிலையத்தை அடுத்துக் கடை வைத்திருக்கிறார். நீரிழிவும் மூட்டு வலியும் வாட்டியதால், பத்து மாதங்களுக்கு முன்னர் இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். முதல் மூன்று மாதங்களில் இருபத்து நான்கு கிலோ இறங்கியது. பின்னர் வேகம் குறைந்து, கடந்த ஏழு வாரங்களாகத் தராசின் முள் நின்ற இடத்திலேயே நிற்கிறதாம். அவருக்குப் பின் அதே சிகிச்சை பெற்ற மைத்துனரோ நாற்பது கிலோ இறங்கிவிட்டார். திருமண வீடுகளில், "கத்தி வைத்தும் இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்களாம்.

"ஹஜ்ரத், டாக்டர் தம் வேலையைச் செய்துவிட்டார். அப்படியென்றால் குறை என்னிடத்தில்தானே? என் துஆ ஏற்கப்படவில்லையோ?" என்றார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. முயற்சிக்குரிய பலன் தாமதிக்கும்போது, அத்தாமதமே முயன்றவனின் குற்றத்துக்குச் சான்றாகிவிடுமா? நம் வீடுகளில் பலரும் வாய்விட்டுக் கேளாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்கும் கேள்வி இது.

முதலில் மருத்துவர் கூறுவதைப் பார்ப்போம். இரைப்பையைக் குழாய் வடிவில் சுருக்கும் முறையில் அதன் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் அகற்றப்படும் அந்த மேற்பகுதியில்தான் உண்டாகிறது. 1999ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அதனைக் கண்டறிந்தனர். ஆதலால் தொடக்கத்தில் பசி அடங்கி எடை விரைந்து இறங்குகிறது. அவ்விறக்கத்தில் ஒரு பங்கு கொழுப்பன்று, உடல் சேமித்திருந்த நீர். பின்னர் உடல் விழித்துக்கொள்கிறது. உணவு குறைந்ததைப் பஞ்சம் என்றே அது கருதி, செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வருமானம் குறைந்த குடும்பத் தலைவன் விளக்கைச் சீக்கிரம் அணைப்பதைப் போன்றதே இது. எடை சில வாரங்கள் அசையாமல் நிற்பதும், மீண்டும் இறங்குவதும், ஒன்று ஒன்றரை ஆண்டுகளில் ஓரளவு நிலைகொள்வதும் இயல்பாகக் காணப்படுவன. வயது, தொடக்க எடை, பரம்பரை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றுக்கு ஏற்ப ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். நீரிழிவு உள்ளவர்க்கு எடை சற்று மெதுவாகவே இறங்குவதுமுண்டு. மைத்துனருக்கு நீரிழிவு இல்லை என்பதை நம் அன்பர் பேச்சினிடையே தாமே சொன்னார். சொன்னவர் அதனை எண்ணிப் பார்க்கவில்லை.

அல்லாஹ்வின் படைப்பு உடல். அது தன்னைக் காத்துக்கொள்ள அவன் வைத்த ஏற்பாடே இங்கு எதிரியைப் போலத் தோன்றுகிறது. இதில் தண்டனையைத் தேடுவது அறிவுடைமையாகாது.

மனிதனின் அவசர குணத்தைத் திருமறை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சுட்டுகிறது. அதற்கு மருந்தாக அது கூறும் 'ஸப்ர்' என்னும் சொல்லையோ நாம் 'பொறுமை' என்று பெயர்த்து, கைகட்டி உட்கார்வது என்று பொருள் கொண்டுவிட்டோம். அரபியில் அச்சொல்லின் வேர்ப்பொருள் பிடித்துவைத்தல், கட்டுப்படுத்தல் என்பதாம். அதே வேரிலிருந்துதான் 'ஸபிர்' என்னும் சொல்லும் வருகிறது. அது கற்றாழையின் கசந்த பாலைக் குறிக்கும். ஆக, பொறுமை என்பது கசப்பை விழுங்கிக்கொண்டே பிடியைத் தளரவிடாமை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் உணவாசையை அடக்குதலை அழிவு தருவன பற்றிய பகுதியிலும், பொறுமையை ஈடேற்றம் தருவன பற்றிய பகுதியிலும் வைத்துள்ளார்கள். கத்தி முதலாவதற்கு ஓரளவு துணை செய்யலாம். இரண்டாவதை எந்த மருத்துவரும் தைத்துக் கொடுக்க இயலாது.

பொறுமை என்றால் உண்மையை மறைப்பதுமன்று. அன்பரிடம் துருவிக் கேட்டோம். கறியும் சோறும் இரண்டு பிடிக்கு மேல் இறங்குவதில்லை. ஆனால் மாலைதோறும் ஜிகர்தண்டா ஒரு தம்ளர் இறங்குகிறது! பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் கூடிய திரவம், சுருங்கிய இரைப்பையிலும் தடையின்றி வழுக்கிச் சென்றுவிடும். மதுரைக்காரராகிய நமக்கு அதன்மேல் கோபம் கொள்ள மனம் வரவில்லை. எனினும் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். புரதமும், இரும்பு, சுண்ணாம்பு, பி12 ஆகிய சத்து மாத்திரைகளும் ஆயுள் முழுவதும் கைவிடலாகாதவை. அவற்றை அவர் இரண்டு மாதங்களாக நிறுத்தியிருந்தார். முள் இறங்காத வருத்தத்தில் மருத்துவரிடம் செல்லவும் நாணி இருந்துவிட்டார். நாணம் ஈமானின் கிளைதான். வைத்தியரிடம் நாணுவதை யாரும் அதில் சேர்க்கவில்லை.

எடையை இறக்க நாள்தோறும் நோன்பு பிடிக்கலாமா என்றும் கேட்டார். குளிர்ச்சியை நாடுவதோடு உளூவின் நிய்யத்தையும் சேர்த்தவனைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. நோன்போடு பத்தியத்தையும் நாடியவனைப் பற்றியும் அவ்வாறே ஆராய்ந்து, அது கூடும் என்ற கருத்தையே ஷாஃபியீ அறிஞர் பலர் வலுவானதாகக் கண்டனர். ஆனால் இவருக்கு வந்திருப்பது சட்டச் சிக்கலன்று. நோன்பு முடிந்ததும் இவர் ஓடப்போவது தராசிடம். அது அசையவில்லையென்றால் நோன்பின்மேலேயே மனம் கசந்துவிடும். மேலும், நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை உதறுவது பக்தியாகாது. மருத்துவர் ஒப்பினால் நோற்கலாம் என்றோம்.

இனி, கேட்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டு எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து ஈமான் அஹ்மத் என்னும் பெண்மணி மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் எடை ஐந்நூறு கிலோ என்று சொல்லப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் எத்தனை கிலோ இறங்கினார் என்பது நாள்தோறும் செய்தியாயிற்று. பின்னர் அந்தக் கணக்கைப் பற்றியே மருத்துவமனைக்கும் அவருடைய சகோதரிக்கும் ஊரறியப் பிணக்கு மூண்டது. அபூதபிக்கு மாற்றப்பட்ட அவர், அவ்வாண்டு செப்டம்பரில் அங்கேயே மறைந்தார். யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. பக்கவாதத்தால் படுத்துக் கிடந்த ஒரு மனுஷியை உலகம் எண்ணாகவே பார்த்தது என்பதுதான் நம்மை உறுத்துகிறது. திருமண வீட்டில் நாம் வீசும் கேள்வியும் அதே பார்வையின் சிறு வடிவம் அல்லவா? அதே பந்தியில், "இன்னும் ஒரு கரண்டி வையுங்கள், என் மேல் ஆணை!" என்று வற்புறுத்துவோரும் நாமேதான்.

மிஸ்வாக் குச்சி பறிக்க மரமேறிய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமையின் மீஸானில் அக்கால்கள் உஹது மலையினும் கனமானவை என்று பெருமானார் (ஸல்) உணர்த்தினார்கள். ஒல்லியைக் கேலி செய்தவர்களுக்குக் கிடைத்த பாடம் பருமனைக் கேலி செய்பவர்களுக்கும் உரியதே. மறுமையில் கொசுவிறகின் எடைகூடப் பெறாத பருத்த மனிதனைப் பற்றிய நபிமொழியை எடுத்துக்கொண்டு, மேடையில் பருத்தவர்களைக் குத்திப் பேசும் சில பிரசங்கிகளை நாமும் கேட்டிருக்கிறோம். அந்நபிமொழி இறைமறுப்பைப் பற்றியது, இடுப்பளவைப் பற்றியதன்று.

சென்ற வாரம் அன்பர் மீண்டும் வந்தார். தராசை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டாராம். மாதம் ஒருமுறைதான் எடுத்துத் தருவாராம். மருத்துவர் நீரிழிவு மாத்திரையில் ஒன்றை நிறுத்திவிட்டார். ஃபஜ்ருக்குப் பின் வைகைக் கரையோரம் நடக்கிறார். தொழுகையில் நாற்காலி இல்லாமல் ஸஜ்தா செய்ய முடிகிறது என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. எடை எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சற்று நேரம் பேசாதிருந்தவர், "ஆனாலும் ஹஜ்ரத், மச்சானுக்கு மட்டும்..." என்று தொடங்கினார். அதற்குள் இஷாவின் பாங்கு ஒலித்தது, இருவரும் எழுந்தோம்.